நிழற்குடையா, தங்குமிடமா? – வரைபடத் தமிழாக்கம் பற்றிக் கொஞ்சம்

கட்டற்ற மென்பொருள் தமிழாக்கம்னு பேச்செடுத்தாலே நம்மாளுங்க ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சு நிப்பாங்க. ஒரு கோஷ்டிக்கு நல்ல தமிழ்ச் சொல் வேணும். இன்னொரு கோஷ்டிக்கு மக்களுக்குப் புரிஞ்சா போதும். கோப்பா ஃபைலா, சொடுக்கா க்ளிக்கான்னு கேடிஈ, ஃபயர்ஃபாக்ஸ் காலத்துல இருந்து ஓடிக்கிட்டு இருக்குற சண்டை. இந்தப் பதிவு அந்தச் சண்டையைப் பத்தி இல்லைங்க. அதனால ரெண்டு கோஷ்டியும் கொஞ்ச நேரம் உருட்டுக்கட்டையைக் கீழ வச்சுட்டுப் படிக்கலாம் :-)

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். வரைபட மென்பொருளைத் தமிழாக்குறதும் மத்த மென்பொருளைத் தமிழாக்குறதும் ஒரே வேலை இல்லை. உலாவியில புக்மார்க்குக்கு நீங்க என்ன சொல் போட்டாலும் பெரிய நஷ்டம் கிடையாது. படிக்கிறவர் முகத்தைச் சுளிப்பார், ஆங்கிலத்துக்கு மாத்திக்குவார், அவ்வளவுதான். வரைபடத்துல அப்படி இல்லை. அங்கே நீங்க எழுதின வரியைப் படிக்கிறவர் அதுக்குப் பதிலா ஒரு தகவலை எழுதிட்டுப் போறார். உங்க கேள்வி கோணலா இருந்தா அவர் பதிலும் கோணலா வரும். அந்தக் கோணல் பதில் உலகமே எடுத்துப் பயன்படுத்துற வரைபடத்துக்குள்ள போய் உக்காந்துக்கும். தமிழாக்கம் தப்பினா வரைபடமே தப்பும்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 2004-ல இங்கிலாந்துல ஸ்டீவ் கோஸ்ட் ஆரம்பிச்ச திட்டம். விக்கிபீடியா மாதிரி யார் வேணும்னாலும் திருத்தலாம். இங்கே கட்டுரைக்குப் பதிலா ரோடு, வாய்க்கால், கோயில், பள்ளிக்கூடம், டீக்கடை. 2012-லிருந்து அதன் தரவு ஓடிபிஎல் என்ற உரிமத்தில் வருது. மூலத்தைச் சொல்லணும், திருத்தி வெளியிட்டா அதையும் அதே மாதிரி திறந்து தரணும், மத்தபடி யாரும் எடுத்துக்கலாம். இதைச் சுத்தி ஏகப்பட்ட மென்பொருள்கள் இருக்கு. உலாவியிலேயே திருத்த ஐடி எடிட்டர், கணினியில் நிறுவித் திருத்த ஜோஸம், போனில் வழி பார்க்க ஆஸ்மேண்ட், தெருவில் நடந்துக்கிட்டே தகவல் சேர்க்க ஸ்ட்ரீட்கம்ப்ளீட். எல்லாமே கட்டற்றவை. இவற்றின் தமிழாக்கமும் சம்பளம் வாங்காதவங்க செய்யறதுதான்.

ஸ்ட்ரீட்கம்ப்ளீட்டையே எடுத்துக்குவோம், என் வாதத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2017 வாக்கில் வந்த ஆண்ட்ராய்டு செயலி. நீங்க தெருவுல நடக்கும்போது பக்கத்துல எந்தத் தகவல் விட்டுப்போயிருக்கோ அதைக் கேள்வியா கேட்கும். நீங்க பதிலைத் தட்டினா அது நேரா வரைபடத்துல ஏறிடும். குறிச்சொல், கிறிச்சொல் எதுவும் தெரிய வேண்டாம். அருமையான யோசனை. ஆனா முழுக்க முழுக்க அந்தக் கேள்வி வாசகத்தை நம்பியே நிக்குது.

அதுல ஒரு கேள்வி, தெருவுக்கு விளக்கு வெளிச்சம் இருக்கான்னு. ஆங்கிலத்துல சின்ன வாக்கியம். அதை அப்படியே "இந்தத் தெருவில் விளக்கு எரிகிறதா?" என்று தமிழில் போட்டா என்ன ஆகும்? மத்தியானம் பன்னெண்டு மணிக்கு நடந்து போறவர் நிமிர்ந்து பார்ப்பார். எரியலை. "இல்லை"ன்னு தட்டிட்டுப் போவார். பத்துக் கம்பம் வரிசையா நிக்கிற தெரு, விளக்கே இல்லாத தெருன்னு பதிவாகிடும். "இந்தத் தெருவுக்குத் தெருவிளக்கு வசதி உண்டா?" என்று கேட்டிருந்தா இந்தக் குழப்பமே இல்லை. ரெண்டு வாக்கியத்துலயும் இலக்கணப் பிழை கிடையாது. திருத்துறவர் உக்காந்த இடத்துல இருந்து பார்த்தா ரெண்டுமே சரிதான். தெருவுல நின்னு பார்த்தாத்தான் வித்தியாசம் தெரியும்.

இன்னொரு கேள்வி, பஸ் ஸ்டாப்பில் ஷெல்ட்டர் இருக்கான்னு. அகராதியைப் பார்த்து "பேருந்து நிறுத்தத்தில் தங்குமிடம் உள்ளதா?" என்று எழுதிட்டா, படிக்கிறவர் லாட்ஜைத் தேடுவார். இதுக்கு நம்மகிட்ட ஏற்கனவே ஒரு சொல் இருக்கு, நிழற்குடை. எம்.எல்.ஏ. தொகுதி நிதியில கட்டி, பேரை எழுதி வச்சிருப்பாங்களே, அதேதான். அவ்வளவு அழகான சொல் நம்ம ஊர் சுவத்துல பெயிண்ட்டில் எழுதியிருக்கும்போது, அகராதியில எதுக்குத் தேடணும்?

ரோடு என்ன மாதிரின்னு ஒரு கேள்வி. பக்கத்துல படமும் காட்டும். அங்கே தார் ரோடு, சிமெண்ட் ரோடு, பேவர் பிளாக், கப்பி ரோடு, சரளை, மண் ரோடுன்னு இருந்தா எந்த ஊர்க்காரரும் யோசிக்காம தட்டுவார். அதையே "நிலக்கீல் பரப்பு", "இறுக்கப்பட்ட பரப்பு" என்று எழுதினா கை நின்னுடும், இல்லைன்னா எதையோ தட்டும். இந்தத் தகவல் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. ஆஸ்மேண்ட் மாதிரி செயலிகளில் மண் ரோட்டைத் தவிர்த்து வழி காட்டுன்னு சொல்ல முடியும். மழைக்காலத்துல ராத்திரி நேரம் வண்டியில போறவர் அந்தப் பதிலை நம்பித்தான் திரும்புறார்.

அடுத்தது சொல் மயக்கம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பிறந்தது இங்கிலாந்துல என்பதால் அதன் குறிச்சொற்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் ஆங்கிலம். அங்கே ஹைவே என்றால் பொதுமக்கள் போற எந்த வழியும். நாலுவழிச் சாலையும் ஹைவே, வயல் வரப்பு ஓரம் போற ஒற்றையடிப் பாதையும் ஹைவே. இதைத் தெரியாமல் எல்லா இடத்திலும் நெடுஞ்சாலை என்று போட்டா, மாரியம்மன் கோயில் பின்னாடி போற ஆட்டுப்பாதை நெடுஞ்சாலை ஆயிடும். சப்வே என்பது அங்கே பூமிக்கடியில் ஓடுற ரயில் வகை. சென்னைக்காரருக்கு சப்வே என்றால் மழை பெய்தா தண்ணி நிக்கிற சுரங்கப்பாதை. ட்ராக் என்றால் வண்டிப்பாதை, தண்டவாளம் இல்லை. பிட்ச் என்றால் விளையாட்டுத் திடல். ஸ்ப்ரிங் என்றால் ஊற்று, வசந்தமும் இல்லை, சுருள்கம்பியும் இல்லை.

உச்சகட்ட வேடிக்கை டாங்க். தென்னிந்திய ஆங்கிலத்துல டாங்க் என்றால் ஏரி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஸ்டோரேஜ் டாங்க் என்றால் எண்ணெயோ தண்ணியோ தேக்கி வைக்கிற தொட்டி. மொழிபெயர்ப்புத் தளத்துல இந்த வரிகள் எல்லாம் தனித்தனியா, முன்னும் பின்னும் இல்லாமல், ஒரு பெட்டிக்குள்ள வந்து நிக்கும். எந்தத் திரையில வருது, யார் படிக்கப் போறாங்கன்னு அந்தப் பெட்டி சொல்லாது. அதனால வேகமா முடிக்கணும்னு உக்காருறவர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் இங்கே வழுக்கி விழுவார்.

சரி, குறை மட்டும் சொல்லிட்டுப் போற பதிவு இல்லை இது. இந்த மென்பொருள்களில் தமிழுக்கு ஒரு பெரிய கதவு திறந்தே கிடக்கு, நிறைய பேர் கவனிக்கிறதில்லை.

ஐடி எடிட்டரில் நீங்க ஒரு இடத்தைக் குறிச்சுட்டு அது என்னன்னு தேடுவீங்க இல்லையா? அந்தத் தேடலுக்கு ஒவ்வொரு வகைக்கும் ரெண்டு பெட்டி இருக்கு. முதல் பெட்டியில் திரையில் காட்டுற பெயர். ரெண்டாவது பெட்டியில், அதே பொருளுக்கு மக்கள் தட்டக்கூடிய மத்த சொற்கள், காற்புள்ளி போட்டு வரிசையா. மூலத்துல இருக்குற ஆங்கிலச் சொற்களைத்தான் மொழிபெயர்க்கணும்னு அவசியமே இல்லை. நம்ம ஊர்ச் சொற்களை நிரப்பலாம்.

இதோட அருமை தெரியணும்னா ஏரிக்கு வாங்க. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் அது ஏரி, சின்னதா இருந்தா தாங்கல். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய். அங்கேயே ஏந்தல் உண்டு, குடிதண்ணிக்கு ஊருணி உண்டு. நெல்லையில் பாசனத்துக்கு இருக்குறதும் குளம்தான். கொங்கு நாட்டுல குட்டை. இலங்கையில் வன்னிப் பக்கம் எல்லாம் குளம். மட்டக்களப்புல வாவி, அது வேற. சிவகங்கைக்காரர் ஒருத்தர் தன் ஊர்க் கண்மாயைக் குறிக்க வந்து "கண்மாய்" என்று தட்டி, ஒண்ணும் வரலைன்னா என்ன செய்வார்? ரெண்டு தடவை முயற்சி பண்ணுவார், அப்புறம் மூடிட்டுப் போயிடுவார். அந்தக் கண்மாய் வரைபடத்துல பேரில்லாத நீலத் திட்டாவே கிடக்கும். ரெண்டாவது பெட்டியில் அந்த ஒரு சொல் இருந்திருந்தா அவர் உள்ளே வந்திருப்பார்.

இங்கேதான் அந்தப் பழைய சண்டைக்கும் விடை இருக்குன்னு எனக்குத் தோணுது. தூய தமிழா பேச்சுத் தமிழா, தமிழ்நாடா ஈழமான்னு ஒரே ஒரு சொல்லுக்கு அடிச்சுக்க வேண்டியதில்லை. காட்டுற பெயர் ஒண்ணு இருக்கட்டும். தேடுற சொல்லில் பேருந்து நிறுத்தம், பஸ் ஸ்டாப், பஸ் தரிப்பிடம் மூணும் இருக்கட்டும். மருந்தகம், மெடிக்கல், மருந்துக்கடை, பார்மசி நாலும் இருக்கட்டும். சந்தும் இருக்கட்டும், ஒழுங்கையும் இருக்கட்டும். யாழ்ப்பாணத்துக்காரரும் சேலத்துக்காரரும் ஒரே தமிழாக்கத்தைத்தான் பயன்படுத்துறாங்க. ஒருத்தர் மட்டும் உக்காந்து நூறு சதவீதம் முடிச்சா அவர் ஊர்த் தமிழ் மட்டும்தான் அங்கே இருக்கும். பல ஊர்க்காரர் சேர்ந்து செய்யணும்னு சொல்றதுக்கு எனக்கு இதைவிட வலுவான காரணம் தெரியலை.

இப்போ மென்பொருளை மேம்படுத்துறது பத்தி. மொழிபெயர்ப்பாளர் என்றால் நிரலர்கள் சமைச்சு முடிச்ச பிறகு இலை போடுறவர்னு ஒரு நினைப்பு இருக்கு. கிடையாதுங்க. மென்பொருளின் ஒவ்வொரு வரியையும் நிதானமா படிக்கிற ஒரே ஆள் அவர்தான். எழுதின நிரலர்கூட அப்படிப் படிச்சிருக்க மாட்டார். அதனால ஓட்டை இருந்தா முதல்ல அவர் கண்ணுலதான் படும்.

வழிகாட்டும் வாசகங்களைப் பாருங்க. "அண்ணா சாலையில் இடப்பக்கம் திரும்புங்கள்" என்று சொல்லணும். நிரலில் தெருப் பெயருக்கு ஒரு காலி இடம் விட்டிருப்பாங்க, ஓடும்போது பெயர் அதுல வந்து விழும். ஆங்கிலத்துல பெயர் மாறாது, அதனால பிரச்சினை இல்லை. நமக்கோ சாலை சாலையில் ஆகணும், தெரு தெருவில் ஆகணும், மார்க்கம் மார்க்கத்தில் ஆகணும். காலி இடத்துக்குப் பின்னாடி "இல்" ஒட்டினா "அண்ணா சாலைஇல்" என்று வரும். பார்க்கவே சகிக்காது, குரல் வாசிச்சா இன்னும் மோசம்.

இதே தலைவலி ரஷ்ய மொழிக்கும் உண்டு, அங்கேயும் வேற்றுமைக்கு ஏத்தபடி பெயர்ச்சொல் மாறும். ஓஎஸ்ஆர்எம் என்ற வழிகாட்டும் எஞ்சினுக்கான வாசகத் தொகுப்பில் 2017 வாக்கில் அதுக்கு ஒரு தீர்வு வந்தது. தெருப் பெயரின் கடைசி எழுத்துகளைப் பார்த்து வேற்றுமை வடிவத்தை உண்டாக்குற இலக்கண விதிகளைத் தனிக் கோப்பா எழுதி வைக்கிற வசதி. முதல்ல ரஷ்ய மொழிக்கு. யோசிச்சுப் பாருங்க, "எங்க மொழிக்கு உங்க அமைப்பு பத்தாது"ன்னு யாரோ எடுத்துச் சொன்னதாலதானே அப்படி ஒரு வசதிக்குத் தேவையே தெரிஞ்சது? நம்ம சாலைக்கும் தெருவுக்கும் விதி எழுதுறது ஒண்ணும் ராக்கெட் விடுற வேலை இல்லை. எட்டாம் வகுப்பு தமிழ் இலக்கணம் போதும். அதுவரைக்கும் "இடப்பக்கம் திரும்புங்கள்: அண்ணா சாலை" என்று வாக்கியத்தை மாத்திப் போட்டுத் தப்பிச்சுக்கலாம். ஆனா தப்பிச்சுக்கறதோட நிறுத்திடாம, நிரலர்கிட்ட சொல்லி வைக்கிறதும் நம்ம வேலைதான்.

எழுத்துரு விஷயமும் அப்படித்தான். யூனிகோடுக்கு மாறின காலத்துல கொம்பும் காலும் இடம் மாறி, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா தெரிஞ்ச வேதனை பழைய பதிவர்களுக்கு மறந்திருக்காது. வரைபடங்களுக்கு அந்த வேதனை அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் தொடர்ந்தது. வரைபடம் வரையற மேப்னிக் என்ற மென்பொருளில், எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கிற ஹார்ஃப்பஸ் நூலகம் 2015-ல வந்த மூணாவது பதிப்பில்தான் சேர்ந்தது. உலாவிக்குள்ளேயே வரையற புது வகை வரைபடங்கள் வந்தப்போ அதே பிரச்சினை மறுபடி முளைச்சுது. வேகத்துக்காக ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனிப் படமா முன்கூட்டியே செஞ்சு வச்சுக்குவாங்க. "மதுரை"யில் ரகரம் தனி, ஐகாரக் குறி தனி. ஐகாரக் குறி ரகரத்துக்கு முன்னாடி வந்து நிக்கணும்னு அதுக்குத் தெரியாது. ஆங்கிலத்துல மட்டும் பார்க்கிறவருக்கு இப்படி ஒரு பிரச்சினை இருக்குறதே தெரியாது. தமிழிலோ, இந்தியிலோ, பர்மியத்திலோ, கெமரிலோ வரைபடத்தைத் திறந்து பார்த்துட்டு "இது உடைஞ்சிருக்கு"ன்னு படம் பிடிச்சுப் புகார் போட ஒரு ஆள் வேணும்.

வழக்கமா வர்ற மூணு கேள்விகளுக்குப் பதில் சொல்லிடறேன்.

"கூகுள் மேப் இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?" கூகுள் மேப் பார்க்க நல்லா இருக்கு, நானும் பயன்படுத்துறேன். ஆனா அதன் தரவு உங்களுடையது இல்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது, எந்தத் தெரு தண்ணியில மூழ்கியிருக்குன்னு மக்களே தெருவைத் தொட்டுக் குறிக்கிற வரைபடம் ஒண்ணு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை வச்சு உருவாச்சு. ஆயிரக்கணக்கான தெருக்களை மக்கள் குறிச்சாங்க. யாரிடமும் அனுமதி கேட்டு நிக்க வேண்டியிருக்கலை. தரவு திறந்து கிடந்ததாலதான் அது நடந்தது.

"ஆங்கிலம் தெரிஞ்சவங்கதானே கணினியில வரைபடம் திருத்துவாங்க, தமிழ் எதுக்கு?" இது முட்டையா கோழியா கதை. ஆங்கிலத்துல மட்டும் இருந்தா ஆங்கிலம் சரளமா வர்றவங்கதான் வருவாங்க. அவங்க இருக்குற ஏரியாவில் காபி ஷாப் வரைக்கும் குறிச்சிருக்கும். பக்கத்து ஒன்றியத்துல ஆரம்ப சுகாதார நிலையம்கூட இருக்காது. ஊர்ப்பெயர் விஷயத்தையும் சேர்த்துக்கோங்க. ஆங்கில எழுத்துல லகர ளகர ழகரம் எல்லாம் கலங்கிப்போகும். அதைச் சீராக்க 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாத்தி அறிவிச்சு, சில நாள்லயே திரும்பப் பெற்றுக்கொண்டது ஞாபகம் இருக்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்தச் சிக்கலே வேண்டாம். ஆங்கிலப் பெயர் தன் பாட்டுக்கு இருக்க, தமிழ்ப் பெயருக்குன்னே தனிக் குறிச்சொல் இருக்கு. ஆனா அதை நிரப்ப அந்த ஊரின் பெயரைச் சரியா உச்சரிக்கத் தெரிஞ்சவர் வேணும். அவருக்கு மென்பொருள் தமிழில் பேசணும்.

"இயந்திரமே மொழிபெயர்த்துடுமே?" செய்யும், முன்னைவிட நல்லாவே செய்யும். நான் எதிரி இல்லை. ஆனா நிழற்குடையா தங்குமிடமான்னு முடிவு பண்ண, அந்த வரி எந்தத் திரையில எதுக்காக வருதுன்னு தெரிஞ்சிருக்கணும். தனி வரியா கொடுத்தா அதுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இயந்திரம் தந்ததை ஒட்டிட்டுப் போறதில் இன்னொரு கெடுதலும் இருக்கு. நூறு சதவீதம் முடிஞ்சதுன்னு பச்சைக் கோடு காட்டும். அதைப் பார்க்கிற அடுத்த ஆள், வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சுத் திரும்பிப் போயிடுவார். பாதி முடிஞ்ச தமிழாக்கம் ஆளைக் கூப்பிடும். தப்பா முடிஞ்ச தமிழாக்கம் ஆளை விரட்டும்.

அப்ப என்னதான் செய்யணும்? என் யோசனை இது.

முதல்ல மொழிபெயர்க்காதீங்க. ஒரு வாரம் பயன்படுத்துங்க. உங்க தெருவைக் குறிங்க, ரேஷன் கடையைக் குறிங்க, பள்ளிக்கூடத்தைக் குறிங்க. எந்த வரி அடிக்கடி கண்ணுல படுதோ அதை மட்டும் முதல்ல எடுங்க. அம்பது வரி நல்லா இருந்தா போதும். அமைப்புப் பக்கத்தின் ஆழத்துல கிடக்குற பிழைச் செய்திகள் காத்திருக்கட்டும்.

ரெண்டாவது, செஞ்சதைத் தெருவுல சோதிங்க. கணினிப் பக்கமே வராத ஒருத்தர்கிட்ட போனைக் கொடுத்துக் கேள்வியை வாசிக்கச் சொல்லுங்க. அவர் "என்னப்பா கேக்குது இது?" என்று உங்களைப் பார்த்தா அந்த வரி தோத்துப்போச்சு. அவர் மேல தப்பு இல்லை.

மூணாவது, சந்தேகம் வந்தா நிரலரைக் கேளுங்க. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் தமிழாக்கம் ட்ரான்ஸ்லேட்விக்கியில் நடக்குது, ஐடி எடிட்டருக்கு ட்ரான்ஸிஃபெக்ஸ், ஆஸ்மேண்டுக்கு வெப்லேட், ஸ்ட்ரீட்கம்ப்ளீட்டுக்கு போஎடிட்டர். ஒவ்வொண்ணும் ஒரு மூலையில இருக்கேன்னு சலிப்பு வரலாம், எனக்கும் வரும். ஆனா மூல வரி புரியலைன்னு கேட்டா, நமக்கு மட்டும் இல்லை, தெலுங்குக்காரருக்கும் சிங்களக்காரருக்கும் சேர்த்து அந்த வரிக்கு விளக்கம் கிடைக்கும். பல சமயம் ஆங்கில வரியே திருந்தும்.

நாலாவது, ஏற்கனவே ஒருத்தர் போட்ட சொல்லை மாத்தும்போது காரணம் எழுதுங்க. சத்தமில்லாம அழிச்சு எழுதறதுதான் தமிழாக்கக் குழுக்களைக் கலைக்கிற வேலை. கூலியில்லாம வந்த ஆளுக்கு நாம கொடுக்கக்கூடிய ஒரே மரியாதை, காரணம் சொல்றதுதான்.

அவ்வளவுதாங்க. சொல் சண்டை போட ஆசைப்படுறவங்க இப்போ உருட்டுக்கட்டையை எடுத்துக்கலாம் :-) ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை. உங்க ஊர்ல தண்ணி தேங்குற இடத்துக்கு, ரோட்டுக்கு, சந்துக்கு, சின்னச் சாமி கோயிலுக்கு என்ன பேர் சொல்வீங்கன்னு ஊர்ப் பெயரோட பின்னூட்டத்துல எழுதிட்டுப் போங்க. நான் அந்த ரெண்டாவது பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்கேன்.